ஃபர்ம்வேர் ஏற மாட்டேங்குதா? போர்டு எந்த இடத்துல நிக்குதுன்னு பாத்து சரி பண்ற வழி

இஎஸ்பி32, ஆர்டுயினோ, பைகோ, எஸ்டிஎம்32 மாதிரி போர்டுல ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடுற புரோகிராம்) அப்டேட் ஃபெயில் ஆனதும் நெறைய பேர் செய்றது என்னன்னா மறுபடி அப்லோட் பட்டன அமுக்குறது, அதுவும் ஆகலன்னா ஃபிளாஷ் (புரோகிராம் தங்குற மெமரி) மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து ஏத்துறது. அழிக்கிறத மட்டும் கடைசிக்கு வச்சுக்குங்க. அழிச்சிட்டா ஏன் நின்னுச்சுங்கற தடயமும் சேந்தே போயிடும், அடுத்த தடவ அதே பிரச்சினை வரும்போது திரும்ப இருட்டுல தேடணும்.

ஒரு ஃபர்ம்வேர் உள்ள போய் ஓடணும்னா நாலு விஷயம் வரிசையா நடக்கணும். போர்டு கம்ப்யூட்டருக்கு தெரியணும், சிப் பூட்லோடர் (புது புரோகிராம வாங்கி எழுதுற சின்ன புரோகிராம்) மோடுக்கு போகணும், டேட்டா முழுசா ஃபிளாஷ்ல எழுதணும், ரீசெட் ஆனப்பறம் எழுதுனது எந்திரிச்சு ஓடணும். உங்க போர்டு இதுல எதுல நிக்குதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா மூணாவது கட்டத்துல நிக்கிற போர்டுக்கு டிரைவர் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. கீழ உங்க அறிகுறிய தேடி அங்கேருந்து படிங்க.

பவர் லைட் எரியுது, ஆனா காம் போர்ட் லிஸ்ட்ல எதுவுமே வரல

காம் போர்ட்ங்கறது போர்டோட பேச கம்ப்யூட்டர் திறக்கற சீரியல் வழி. அது வரலன்னா மொதல்ல கேபிள். சும்மா சொல்லல, சார்ஜ் பண்றதுக்குன்னே வர்ற கேபிள்ல டேட்டா கம்பி ரெண்டும் இருக்காது, லைட் ஜம்முன்னு எரியும், கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த கேபிள்ல ஒரு ஃபோன சொருகி ஃபைல் காப்பி ஆகுதான்னு பாருங்க, ஆச்சுன்னா கேபிள் மேல சந்தேகம் வேண்டாம். ஹப் வழியா போட்டிருந்தா எடுத்துட்டு நேரா சொருகுங்க.

கேபிள் சரின்னா டிரைவர். யுஎஸ்பி சாக்கெட் பக்கத்துல இருக்கற சின்ன ஐசி (யுஎஸ்பிய சீரியலா மாத்துற சிப்) மேல என்ன எழுதியிருக்குன்னு ஃபோன் கேமராவுல ஸூம் பண்ணி பாருங்க, சிஎச்340-ஆ, சிபி2102-ஆ, எஃப்டி232-ஆன்னு தெரிஞ்சா அதுக்கு உண்டான டிரைவர போடலாம். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் வந்தா பெரும்பாலும் டிரைவர் இல்லன்னு அர்த்தம், சொருகினாலும் கழட்டினாலும் லிஸ்ட்ல ஒரு அசைவும் இல்லன்னா திரும்ப கேபிளுக்கே போங்க.

லினக்ஸ்காரங்க dmesg (கெர்னல் லாக காட்டுற கமாண்டு) ஓட விட்டுட்டு சொருகுங்க, அது பொய் சொல்லாது. டிவைஸ் டிஸ்கிரிப்டர் படிக்க முடியல, எரர் மைனஸ் 71-னு வந்தா கேபிளோ ஹப்போ சாக்கெட்டோதான் கோளாறு. உபுண்டு 22.04-ல சிஎச்340 போர்டு வந்த வேகத்துல காணாம போனா பிஆர்எல்டிடிஒய்னு ஒரு சர்வீஸ் அத பிடிச்சுக்குது, அது பார்வை இல்லாதவங்க பயன்படுத்துற பிரெயில் டிஸ்ப்ளேக்கானது, உங்களுக்கு தேவை இல்லன்னா நீக்கிடலாம். போர்ட் தெரியுது ஆனா பர்மிஷன் இல்லங்குதுன்னா உங்க யூசர டயல்அவுட் குரூப்ல சேத்துட்டு லாக் அவுட் பண்ணி திரும்ப வாங்க, லாக் அவுட் பண்ணாம எத்தன தடவ முயற்சி பண்ணாலும் அதே எரர்தான்.

போர்ட் இருக்கு, கனெக்டிங்னு புள்ளி புள்ளியா போயிட்டு நின்னுடுது

இஎஸ்பி32 வச்சிருக்கவங்க எல்லாரும் ஒரு நாளாவது பாத்திருப்பீங்க. கனெக்டிங், அதுக்கப்பறம் புள்ளி, அடிக்கோடு, புள்ளி, கடைசில டைம்ட் அவுட் வெயிட்டிங் ஃபார் பேக்கெட் ஹெடர். புது எஸ்பிடூல்ல (இஎஸ்பி சிப்புக்கு ஃபர்ம்வேர் ஏத்துற டூல்) ராங் பூட் மோட் டிடெக்டட்னு கொஞ்சம் தெளிவாவே சொல்லும். அர்த்தம் ஒண்ணுதான், கம்ப்யூட்டர் பேசுது, சிப் டவுன்லோட் மோட்ல (மேல சொன்ன பூட்லோடர் மோடுதான்) இல்ல.

இஎஸ்பி32 ரீசெட்லேருந்து வெளிய வர்ற அந்த நொடியில ஜிபிஐஓ 0 பின் கிரவுண்ட்ல இருந்தா டவுன்லோட் மோட், மேல (3.3 வோல்ட்ல) இருந்தா சாதாரண பூட். போர்டுல ரெண்டு டிரான்சிஸ்டர் இருக்கும், கம்ப்யூட்டர் அனுப்புற டிடிஆர், ஆர்டிஎஸ் சிக்னல வச்சு ஈஎன் (ரீசெட்) பின்னையும் ஜிபிஐஓ 0-வையும் தானா ஆட்டி விடுற வேலை அதோடது. இந்த ஆட்டத்துல டைமிங் தப்பினா புள்ளிதான் ஓடும். கையால பண்ணி பாருங்க: பூட் பட்டன அமுக்கி பிடிச்சுக்கிட்டே ஈஎன் பட்டன ஒரு தட்டு தட்டி விடுங்க, அப்பறம் பூட்லேருந்து விரல எடுங்க, இப்ப அப்லோட் கொடுங்க. ஏறிடுச்சுன்னா சிப் நல்லா இருக்கு, ஆட்டோ ரீசெட் சர்க்யூட்தான் சொதப்புது, ஈஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1-லேருந்து 10 மைக்ரோஃபாரட் வரைக்கும் ஒரு கெப்பாசிட்டர் வச்சா நெறைய போர்டுல இந்த தொல்லை நின்னுடும்.

கையால பண்ணியும் ஏறலன்னா சீரியல் மானிட்டர 115200-ல திறந்துட்டு ரீசெட் தட்டுங்க. மொத ரெண்டு மூணு வரிக்குள்ள பூட்னு போட்டு ஒரு ஹெக்ஸ் நம்பர் வரும். 13-னு வந்தா ஃபிளாஷ்லேருந்து சாதாரணமா கிளம்புதுன்னு அர்த்தம், 3-னு வந்து வெயிட்டிங் ஃபார் டவுன்லோடுன்னு இருந்தா டவுன்லோட் மோட்ல உக்காந்திருக்கு. டவுன்லோட் மோட்லதான் இருக்கு, ஆனாலும் ஏறலன்னா ஆர்எக்ஸ், டிஎக்ஸ் (சீரியல்ல வாங்குற, அனுப்புற) கம்பில வேற ஏதாவது மாட்டியிருக்கீங்களான்னு பாருங்க, ஜிபிஎஸ் மாட்யூல் மாதிரி எதையாவது அதே பின்ல விட்டிருந்தா ரெண்டு பேரும் ஒரே லைன்ல பேசுவாங்க. ஜிபிஐஓ 2-வ எதுவாவது மேல இழுத்தாலும் டவுன்லோட் மோட் வராது. இன்னொரு விஷயம், இஎஸ்பி32-எஸ்3, இஎஸ்பி32-சி3 மாதிரி சிப்ல யுஎஸ்பி உள்ளயே இருக்கு, உங்க கோடு கிராஷ் ஆகி கிராஷ் ஆகி ரீசெட் ஆனாலோ டீப் ஸ்லீப்புக்கு போனாலோ காம் போர்ட்டே வந்து வந்து மறையும், பயப்படாதீங்க, அதே பூட் பட்டன் ரீசெட் பட்டன் வித்தைதான். சி3-ல பூட் பட்டனோட பின் ஜிபிஐஓ 0 இல்ல, ஜிபிஐஓ 9.

ஆர்டுயினோ ஊனோ, நானோன்னா இதே நிலைமைய நாட் இன் சிங்க்னு சொல்லும். நானோல பழைய பூட்லோடர் 57600 பாட்ல பேசும், புதுசு 115200-ல பேசும், மெனுல புராசஸர மாத்தி ஓல்டு பூட்லோடர்னு வச்சு ஒரு தடவ முயற்சி பண்ணுங்க, முக்காவாசி கேஸ் அங்கயே முடிஞ்சிடும். பின் 0, பின் 1-ல எதுவும் மாட்டியிருக்க கூடாது. லியோனார்டோ மாதிரி 32யூ4 சிப் இருக்கற போர்டுல பூட்லோடர் வேற காம் போர்ட்டா வரும், 8 செகண்டு மட்டும்தான் காத்திருக்கும், அதுக்குள்ள அப்லோட் ஆரம்பிக்கணும்.

ராஸ்பெர்ரி பை பைகோ சுலபம். பூட்செல் பட்டன அமுக்கிக்கிட்டே சொருகுங்க, ஆர்பிஐ ஆர்பி2-னு டிரைவ் வரும், ஃபர்ம்வேரோட யூஎஃப்2 ஃபைல அதுல போட்டதும் டிரைவ் மறைஞ்சிடணும். மறையறதுதான் வெற்றி, டிரைவ் போயிடுச்சேன்னு பதறாதீங்க. காப்பி ஆன பிறகும் டிரைவ் அங்கயே நின்னா வேற சிப்புக்கு கட்டின ஃபைல போட்டிருக்கீங்க, ஆர்பி2040-க்கும் (பைகோ சிப்) ஆர்பி2350-க்கும் (பைகோ 2 சிப்) யூஎஃப்2 உள்ள இருக்கற ஃபேமிலி நம்பர் வேற.

எஸ்டிஎம்32: எஸ்டி லிங்க் இருக்கு, சிப் மட்டும் இல்லங்குது

மொத தடவ ஏறுச்சு, ரெண்டாவது தடவலேருந்து ஏறலன்னா அநேகமா உங்க கோடுதான் கதவ சாத்தியிருக்கு. எஸ்டிஎம்32எஃப்103 சிப்புக்கு கியூப்எம்எக்ஸ்ல (பின், கோடு அமைச்சு தர்ற டூல்) டீபக் ஆப்ஷன சீரியல் வயர்னு வைக்காம விட்டா, உங்க புரோகிராம் ஓட ஆரம்பிச்சதும் டீபக் பின்ன எல்லாம் சாதாரண பின்னா மாத்திடும், அப்பறம் எஸ்டி லிங்க் (எஸ்டிஎம்32-ல புரோகிராம் ஏத்துற அடாப்டர்) எத்தன தடவ கூப்பிட்டாலும் பதில் வராது. என்ஆர்எஸ்டி (ரீசெட்) கம்பியையும் மாட்டி கனெக்ட் அண்டர் ரீசெட்னு வச்சு பிடிங்க, கோடு ஓடுறதுக்கு முன்னாடியே சிப்ப பிடிச்சிடலாம். அந்த கம்பி இல்லன்னா பூட் 0 ஜம்பர 1 பக்கம் மாத்தி ரீசெட் பண்ணுங்க, உங்க கோடே ஓடாது, ரோம்ல இருக்கற பூட்லோடர்தான் ஓடும்.

அந்த ரோம் பூட்லோடரோட சீரியல்ல பேசறப்ப ஈவன் பாரிட்டி வைக்கணும், இத மறந்துட்டு நாள் பூரா உக்காந்தவங்க உண்டு. ஹெக்ஸ் 7எஃப் ஒரு பைட் அனுப்புங்க, 79 திரும்பி வந்தா அது உங்க பேச்ச கேக்குது. ப்ளூபில் போர்டுல யுஎஸ்பி சாக்கெட் இருக்கேன்னு டிஎஃப்யூ (யுஎஸ்பி வழியா ஏத்துற மோடு) தேடாதீங்க, எஃப்103 ரோம்ல யுஎஸ்பி டிஎஃப்யூ கிடையாது.

ரீட்அவுட் புரொடெக்‌ஷன் (ஃபிளாஷ யாரும் படிக்காம இருக்க போடற பூட்டு) லெவல் 1-ல இருந்தா அத 0-வுக்கு கொண்டு வரலாம், ஆனா அந்த நிமிஷமே ஃபிளாஷ் மொத்தமும் அழிஞ்சிடும். வழக்கமான எஸ்டிஎம்32-ல லெவல் 2 போட்டுட்டீங்கன்னா திரும்பி வரவே முடியாது, அந்த ஆப்ஷன தெரியாம தொட்றாதீங்க.

எழுத ஆரம்பிக்குது, 30 சதவீதம், 60 சதவீதம்னு போய் அறுந்துடுது

ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல அறுந்தா லைன் பிரச்சினை, ஒவ்வொரு தடவையும் ஒரே அட்ரஸ்ல அறுந்தா ஃபிளாஷ் பிரச்சினையோ சைஸ் பிரச்சினையோன்னு எடுத்துக்கலாம். அதனால எங்க நின்னுச்சுன்னு அந்த அட்ரஸ ஒரு பேப்பர்ல எழுதிட்டு ரெண்டு மூணு தடவ ஓட விட்டு பாருங்க.

லைன்னா பாட் ரேட்ட குறைங்க, 921600-லேருந்து 460800, அதுவும் ஆகலன்னா 115200. மெதுவாத்தான் ஏறும், ஆனா ஏறும். கேபிள் நீளமா இருந்தா குட்டைய மாத்துங்க, மோட்டார், ரிலே எல்லாம் கழட்டிட்டு போர்ட மட்டும் தனியா வச்சு முயற்சி பண்ணுங்க. எம்டி5 (எழுதுனது சரியான்னு பாக்கற கணக்கு) ஒத்துப்போகலன்னு முடிவுல வந்தாலும் இதே வழிதான், கூடவே ஃபிளாஷ் மோட கியூஐஓ-லேருந்து (நாலு டேட்டா கம்பி) டிஐஓ-வுக்கு (ரெண்டு) மாத்தி பாருங்க. பழைய இஎஸ்பி32-ல ஜிபிஐஓ 6-லேருந்து 11 வரைக்கும் உள்ள இருக்கற ஃபிளாஷுக்கே போகுது, பின் வெளிய தெரியுதேன்னு அதுல எதையாவது மாட்டினா ஃபிளாஷ் குழம்பிடும்.

எஸ்டிஎம்32-ல சொந்தமா பூட்லோடர் எழுதினவங்களுக்கு ஒரு தனி விஷயம். அப்ளிகேஷன்லேருந்து ரீசெட் பண்ணாம நேரா பூட்லோடருக்கு தாவுனா, அப்ளிகேஷன்ல ஆரம்பிச்ச இண்டிபெண்டென்ட் வாட்ச்டாக் (கோடு உறைஞ்சா சிப்ப ரீசெட் பண்ற டைமர்) ஓடிக்கிட்டேதான் இருக்கும், அத நிறுத்த ரீசெட்ட தவிர வழி இல்ல. பூட்லோடர் பெரிய செக்டார அழிக்கும்போது வாட்ச்டாகுக்கு யாரும் தீனி போட மாட்டாங்க, நடுவுல ரீசெட் ஆகி அரைகுறையா நிக்கும். தாவுறதுக்கு பதிலா ரீசெட் ஆனாலும் அழியாத ஒரு பேக்கப் ரிஜிஸ்டர்ல ஒரு அடையாளத்த எழுதிட்டு சிஸ்டம் ரீசெட் பண்ணுங்க, பூட்லோடர் அந்த அடையாளத்த பாத்து உள்ளயே நிக்கட்டும். இதான் சுத்தமான வழி, வேற வழியெல்லாம் ஒரு நாள் கால வாரும்.

முழுசா ஏறிடுச்சு, சக்ஸஸ்னு வந்துச்சு, போர்டு மட்டும் ஓடல

இங்கதான் நிறைய நேரம் போகும், அதனால பொறுமையா படிங்க.

இஎஸ்பி32-ல இன்வேலிட் ஹெடர், எஃப் எஃப் எஃப் எஃப்னு வரிசையா ஓடிக்கிட்டே இருந்தா பூட்லோடர் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல. அந்த எடம் சிப்புக்கு சிப் மாறும், சாதா இஎஸ்பி32-ல ஹெக்ஸ் 1000, எஸ்3-லயும் சி3-லயும் 0. பார்ட்டிஷன் டேபிள் (ஃபிளாஷ எப்படி பிரிச்சிருக்குங்கற பட்டியல்) வழக்கமா 8000-ல, அப்ளிகேஷன் 10000-ல. ஒரு சிப்புக்கு எழுதின கமாண்ட அப்படியே இன்னொண்ணுக்கு ஓட்டினா இதான் நடக்கும்.

பிரௌன்அவுட் டிடெக்டர்னு வந்து ரீசெட் ஆனா ஃபர்ம்வேர்ல தப்பு தேடாதீங்க, வோல்டேஜ் விழுது. வைஃபை கிளம்புற நேரத்துல கரண்ட் திடீர்னு எகிறும், சப்ளை 500 மில்லிஆம்பியராவது தாங்கணும். அந்த டிடெக்டர கோட்ல அணைச்சிடுறது தீர்வே இல்ல, வோல்டேஜ் விழும்போது ஃபிளாஷ்ல எழுதினா டேட்டா கெட்டுப்போகும்.

இப்ப எனக்கு நடந்தது. ஒரு இஎஸ்பி32 போர்டு, கூட எஸ்டி கார்டு மாட்யூல், எல்லாம் ஒரு டப்பாக்குள்ள. மேசை மேல தனியா வச்சு அப்டேட் பண்ணேன், அருமையா ஓடுச்சு. டப்பாக்குள்ள திரும்ப மாட்டினதும் ஃபிளாஷ் ரீட் எரர், 1000-னு லாக் ஓடுது. வெளிய எடுத்தா ஓடுது, உள்ள வச்சா ஓடல. புது ஃபர்ம்வேர்தான் காரணம்னு நினைச்சு பழசயும் ஏத்தி பாத்தாச்சு, அதுவும் அதே மாதிரி. கடைசில ஒவ்வொரு கம்பியா பிடுங்கிட்டு ரீசெட் தட்டிக்கிட்டே வந்தேன், ஜிபிஐஓ 12 கம்பிய எடுத்ததும் பூட் ஆயிடுச்சு. எஸ்டி மாட்யூல்ல இருந்த புல் அப் ரெசிஸ்டர் அந்த பின்ன மேல இழுத்து வச்சிருந்துச்சு, ரீசெட் நேரத்துல ஜிபிஐஓ 12 மேல இருந்தா சிப் தன்னோட ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்கு பதிலா 1.8 வோல்ட் கொடுக்கும். 3.3 வோல்ட் ஃபிளாஷ் அதுல எப்படி பேசும்? அந்த கம்பிய வேற பின்னுக்கு மாத்தினதோட சரி. அதுக்கு முன்னாடி எப்படி ஓடுச்சுன்னா, பவர் வரும்போது எஸ்டி கார்டு லைன்ன கீழ பிடிச்சிருந்திருக்கணும், அன்னிக்கு கார்டு இல்லாம மாட்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஈஃபியூஸ் (சிப்புக்குள்ள ஒரு தடவ மட்டும் எழுத முடியற பிட்) எரிச்சு வோல்டேஜ 3.3-ல நிரந்தரமா வைக்கவும் முடியும், ஆனா அது ஒரு வழிப் பாதை, மாட்யூல்ல 1.8 வோல்ட் ஃபிளாஷ் இருந்தா அதோட கதை முடிஞ்சிடும், கம்பிய மாத்துறதுதான் நல்லது.

எஸ்டிஎம்32-ல பூட்லோடர் ஓடுது, அப்ளிகேஷனுக்கு தாவினதும் உறைஞ்சிடுதுன்னா ஃபிளாஷ திரும்ப படிச்சு அப்ளிகேஷன் தொடங்குற எடத்துல மொத எட்டு பைட்ட மட்டும் பாருங்க. உதாரணத்துக்கு எஃப்4-ல அப்ளிகேஷன் ஹெக்ஸ் 08008000-ல இருக்குன்னு வைங்க. மொத நாலு பைட் ஸ்டாக் பாயிண்டர், பெரும்பாலும் 2000-னு ஆரம்பிக்கற ஒரு ராம் அட்ரஸா இருக்கணும். அடுத்த நாலு பைட் ரீசெட் ஹேண்ட்லர், 08008-லேருந்து மேல போற அட்ரஸா இருக்கணும், அதோட ஒத்தப்படை எண்ணா இருக்கணும். எல்லாம் எஃப் எஃப்னா எழுதவே இல்ல. ரெண்டாவது நம்பர் 080001-னு ஆரம்பிச்சா ஃபைல் எடம் மாறி கட்டியிருக்கு, லிங்கர் ஸ்கிரிப்ட்ல (கோடு எந்த அட்ரஸ்ல உக்காரணும்னு சொல்ற ஃபைல்) ஃபிளாஷ் ஆரம்பத்த மாத்தாம விட்டுட்டீங்க. ரெண்டும் சரி, ஆனா மொத இண்டரப்ட் வந்ததுமே உறையுதுன்னா விடிஓஆர் ரிஜிஸ்டர மாத்தல, இண்டரப்ட் வரும்போது சிப் இன்னும் பூட்லோடரோட வெக்டர் டேபிள்லதான் (எந்த இண்டரப்டுக்கு எந்த ஃபங்ஷன்ங்கற பட்டியல், அது எங்க இருக்குன்னு விடிஓஆர்தான் சொல்லும்) போய் பாக்குது. எஃப்0 மாதிரி கார்டெக்ஸ் எம்0 சிப்ல விடிஓஆரே கிடையாது, டேபிள ராமுக்கு காப்பி பண்ணி ராம பூஜ்ஜியத்துக்கு ரீமேப் பண்ணணும்.

ஓடுது, ஆனா பழைய செட்டிங்க படிக்கற நேரத்துல கிராஷ் ஆகுதுன்னா என்விஎஸ் (இஎஸ்பி32 செட்டிங்க சேமிக்கிற ஃபிளாஷ் பகுதி) பக்கம் பாருங்க. அப்ளிகேஷன மட்டும் ஏத்தினா என்விஎஸ் அழியாது, பழைய வெர்ஷன் சேமிச்ச ஸ்ட்ரக்சர புதுசு வேற சைஸுன்னு நினைச்சு படிக்கும். சேமிக்கிற டேட்டால மொத ஃபீல்டா ஒரு வெர்ஷன் நம்பர் வச்சிடுங்க. இப்போதைக்கு அழிச்சுத்தான் ஆகணும்னா, ரீட் ஃபிளாஷ் போட்டு மொத்தத்தையும் ஒரு ஃபைலா எடுத்து வச்சிட்டு அப்பறம் அழிங்க, கேலிப்ரேஷன் வேல்யூ அதுக்குள்ள இருந்தா அது போனா போனதுதான்.

ஓடிஏ: காத்து வழியா அனுப்புனா ஏறல, இல்ல ஏறிட்டு பழசுக்கே திரும்புது

ஆர்டுயினோ ஓடிஏல போர்டு லிஸ்ட்ல தெரியுது, அனுப்புனா பதில் இல்லன்னா கம்ப்யூட்டரோட ஃபயர்வால பாருங்க. அழைப்பு மட்டும்தான் கம்ப்யூட்டர்லேருந்து போர்டுக்கு போகுது, இஎஸ்பி32-ல 3232 போர்ட்டுக்கு, அதுக்கப்பறம் ஃபைல வாங்க போர்டுதான் திரும்ப கம்ப்யூட்டரோட கனெக்‌ஷன் போடும். உள்ள வர்ற அந்த கனெக்‌ஷன ஃபயர்வால் தடுத்தா போர்டு மேல பழி வரும்.

எடம் பத்தலன்னு வந்தா பார்ட்டிஷன் கணக்கு. 4 எம்பி ஃபிளாஷ்ல ஆர்டுயினோ வழக்கமா கொடுக்கற திட்டத்துல ரெண்டு ஆப் ஸ்லாட், ஒவ்வொண்ணும் 1310720 பைட். அதுக்கு மேல போனா ஏறாது, பார்ட்டிஷன் டேபிள வழக்கமான ஓடிஏல மாத்தவும் முடியாது, ஒரு தடவ கேபிள் சொருகியே ஆகணும். வெளிய அனுப்புறதுக்கு முன்னாடியே வளர எடம் விட்டு பிரிங்க.

ஏறுது, ரீசெட் ஆகுது, ரெண்டாவது ரீசெட்ல பழைய வெர்ஷன் வந்து நிக்குதுன்னா அது கோளாறே இல்ல, ரோல்பேக் வேலை செய்யுது. புது ஃபர்ம்வேர் நான் நல்லா இருக்கேன்னு தானா சொல்லணும், சொல்றதுக்கு முன்னாடி ரீசெட் ஆனா பூட்லோடர் பழசுக்கு திரும்பிடும். அந்த மார்க் வேலிட் ஃபங்ஷன செட்டப்போட மொத வரியிலயே கூப்பிட்டு வைக்காதீங்க, அப்படி பண்ணா ரோல்பேக்குக்கு அர்த்தமே போயிடும். வைஃபை கிடைச்சு, சர்வரோட பேசி, அடுத்த அப்டேட்ட வாங்கற தெம்பு இருக்குன்னு உறுதி ஆனப்பறம் கூப்பிடுங்க. ஏணி மேல ஏறி டப்பாவ கழட்ட வேண்டிய நிலைமை வராம இருக்கறது இந்த ஒரு வரி எங்க இருக்குங்கறதுலதான்.

எதுவுமே ஆகல, போர்டு செத்துப்போச்சா?

இஎஸ்பி32, எஸ்டிஎம்32, ஆர்பி2040 மூணுலயும் மொத பூட்லோடர் ரோம்ல இருக்கு, எந்த அப்டேட்டாலயும் அத அழிக்க முடியாது. அதனால தப்பான ஃபைல ஏத்தினதால மட்டும் சிப் சாகாது. மல்டிமீட்டர எடுத்து 3.3 வோல்ட் பின்ன அளங்க. 3.3 வரலன்னா யுஎஸ்பிலேருந்து 5 வருதான்னு பாருங்க, 5 இருந்து 3.3 இல்லன்னா ரெகுலேட்டர். 3.3 சரியா இருக்கு, ஈஎன் இல்ல என்ஆர்எஸ்டி பின்னும் மேலதான் இருக்கு, எல்லா கம்பியும் கழட்டி பூட் பட்டன் பிடிச்சு ரீசெட் தட்டியும் சீரியல்ல ஒரு எழுத்து கூட வரலன்னா, சிப் மேல விரல வைங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே விரல் வைக்க முடியாத அளவுக்கு சுட்டுச்சுன்னா உள்ள ஷார்ட், போர்ட மாத்திடுங்க.